மலரும் பாட்டும்: தெஸ்கோகோவின் கவியரசன் நெசாவல்கோயோட்ல்

நடு மெக்சிகோவின் உயர்ந்த சமவெளியில் அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்ல் மொழியில் ஓர் அழகிய வழக்கு உண்டு. ஆழ்ந்த பொருளைச் சொல்ல விரும்பும்போது அம்மொழியினர் இரு சொற்களை இணைத்து மூன்றாவது பொருளொன்றைப் பிறப்பிப்பர். நீரும் மலையும் சேர்ந்தால் நகரம். கரிய மையும் செம்மையும் சேர்ந்தால் அறிவு. ஓவிய ஏடுகளைத் தீட்டியவர்கள் பயன்படுத்திய மைகளின் நிறங்கள் அவை. மலரும் பாட்டும் சேர்ந்தால் கவிதை. மலர் மண்ணில் தோன்றி விரைவில் வாடுவது. பாட்டு வாய்விட்டுப் பிறந்த கணத்திலேயே காற்றில் கரைவது. நிலையாத இரண்டைச் சேர்த்து, நிலைத்த ஒன்றிற்குப் பெயராக வைத்த மக்கள் அவர்கள்.

அம்மக்களின் கவிஞருள் பெரும்புகழ் பெற்றவன் தெஸ்கோகோவை ஆண்ட நெசாவல்கோயோட்ல். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாண்டவன்; அணை கட்டியவன்; சட்டம் வகுத்தவன்; ஏட்டுக்களஞ்சியம் அமைத்தவன். இவ்வளவையும் செய்துகொண்டே, மண்ணில் எதுவும் நில்லாது என்று பாடியவனாக அவன் நினைக்கப்படுகிறான். அவனுடைய வாழ்வு கவிஞர்க்குப் பெருமிதம் தருவது. அதே அளவிற்கு அச்சமும் தருவது. அவனைப் புகழேணியில் ஏற்றிய பாட்டே அவன் செய்த கொடுமை ஒன்றையும் மறக்கவிடாமல் காத்து வைத்திருக்கிறது.

பிறப்பும் பெயரும்

நெசாவல்கோயோட்ல் 1402ஆம் ஆண்டில் பிறந்தான். அஸ்டெக் நாட்காட்டியில் அது ஒரு முயல் ஆண்டு. தந்தை இஷ்ட்லில்சோச்சிட்ல், தெஸ்கோகோ ஏரியின் கீழைக்கரையில் அகோல்வா மக்களை ஆண்ட மன்னன். தாய், ஏரியின் நடுவே தீவில் எழுந்திருந்த தெனோச்டிட்லான் நகரத்து மெக்சிக்கா அரச குடும்பத்துப் பெண். ஆகவே அவன் பிறப்பிலேயே இரு கரைகளுக்கும் உரியவனாக இருந்தான். பிள்ளைப் பருவத்தில் அவனுக்கு அகோல்மிஷ்ட்லி என்று பெயர்.

அந்நாளில் ஏரிக்கரை அரசுகளை அடக்கி ஆண்டவன், மேலைக்கரையில் இருந்த அஸ்காபொட்சால்கோவின் முதுபெரும் மன்னன் தெசோசோமோக். அவன் தெஸ்கோகோவிற்குப் பருத்தியை அனுப்பி, ஆடைகளாக நெய்து தருமாறு கேட்டதாகவும், தொடக்கத்தில் இசைந்த இஷ்ட்லில்சோச்சிட்ல் பின்னர் மறுத்துவிட்டதாகவும் வரலாற்றேடுகள் கூறுகின்றன. ஆடை நெய்து கொடுப்பது அடிமைப்பட்டதற்கு அடையாளம் என்பதை இரு மன்னரும் அறிந்திருந்தனர். மறுப்பு போராக மூண்டது. 1418ஆம் ஆண்டில் தெஸ்கோகோ வீழ்ந்தது. காட்டிற்குள் துரத்தப்பட்ட மன்னன், மகனை ஒரு மரத்தின் மேல் ஒளிந்துகொள்ளச் செய்து, தான் பகைவரை எதிர்கொண்டு மாண்டான். தந்தை வெட்டுண்டு வீழ்வதைப் பதினாறு வயது மகன் இலைகளின் மறைவிலிருந்து கண்டான் என்பது மரபு.

மண்ணில் உயிர் நிலையற்றது என்னும் உண்மையை அவன் ஏடுகளிலிருந்து கற்கவில்லை. அது அவன் கண்முன்னே நிகழ்ந்தது. நெசாவல்கோயோட்ல் என்னும் பெயருக்கு நோன்பிருக்கும் கொயோட்டி என்று பொருள். கொயோட்டி, ஓநாய் இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கு. பதுங்கவும் பசி பொறுக்கவும் வல்லது. பின்வந்த ஆண்டுகளில் அவன் வாழ்ந்த வாழ்விற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவதரிது.

தலைமறைவும் மீட்சியும்

தலைக்கு விலை வைக்கப்பட்ட இளவரசன் மலைகளைக் கடந்து, கிழக்கேயுள்ள உவெஷோட்சிங்கோ, திலாஸ்கலா ஆகிய நாடுகளில் அடைக்கலம் தேடினான். சில ஆண்டுகள் கழித்து, தாய்வழி உறவினராகிய மெக்சிக்கா அரசகுலப் பெண்கள் தெசோசோமோக்கிடம் மன்றாடி அவனுக்கு உயிர்ப்பிச்சை பெற்றுத் தந்தனர். தெனோச்டிட்லானில் தங்கிக் கல்வி கற்கும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டியது. ஆனால் முதிய மன்னனின் நெஞ்சில் அமைதி இல்லை. நெசாவல்கோயோட்ல் கழுகாக வந்து தன் இதயத்தைக் கிழிப்பதாக அவன் கனவு கண்டான் என்றும், அவனைக் கொன்றுவிடுமாறு தன் மக்களைப் பணித்தான் என்றும் கூறப்படுகிறது.

1426இல் தெசோசோமோக் இறந்தான். அவன் மகன் மாஷ்ட்லா அரியணையைக் கைப்பற்றியதும் கொடுமை மிகுந்தது. தெனோச்டிட்லானின் மன்னனும் நெசாவல்கோயோட்லின் மாமனுமான சிமால்போபோக்கா உயிரிழந்தான். அடுத்து வந்த இட்ஸ்கோவாட்ல் அடங்கிப்போக மறுத்தான். தலைமறைவாகத் திரிந்த நெசாவல்கோயோட்ல் தனக்கு அடைக்கலம் தந்த நாடுகளைத் துணைக்கழைத்தான். 1428இல் கூட்டுப்படை அஸ்காபொட்சால்கோவை அழித்தது. மாஷ்ட்லாவை நெசாவல்கோயோட்ல் தன் கையாலேயே பலியிட்டான் என்று ஒரு மரபு கூறுகிறது. பின்னாளில் மென்மையான பாடல்களின் ஆசிரியனாகப் போற்றப்பட்டவனுடைய கை அது என்பதை மறக்கலாகாது.

வெற்றிக்குப் பின் தெனோச்டிட்லான், தெஸ்கோகோ, திலாகோபான் என்னும் மூன்று நகரங்களும் ஒரு கூட்டணி அமைத்தன. திறைப்பொருளில் முதலிரு நகரங்களுக்கும் ஐந்தில் இவ்விரண்டு பங்கு. மூன்றாவதற்கு ஒரு பங்கு. அஸ்டெக் பேரரசு என்று உலகம் அறிந்தது இக்கூட்டணியையே. 1431இல் நெசாவல்கோயோட்ல் முறைப்படி முடிசூடினான்.

அரசும் கலையும்

முடிசூடிய மன்னன் கட்டுவதில் ஈடுபட்டான். தெஸ்கோகோ ஏரியின் கீழைப்பகுதி உவர்நீர். மழை மிகுந்தால் அந்த உவர்நீர் பெருகித் தீவு நகரத்தையும், நீர்மேல் மண் பரப்பி அமைத்த பயிர்ப்பாத்திகளையும் கெடுத்துவிடும். 1449இல் பெருவெள்ளம் தெனோச்டிட்லானை மூழ்கடித்தபோது, மன்னன் முதலாம் மொக்தெசூமா நெசாவல்கோயோட்லின் உதவியை நாடினான். ஏரியின் குறுக்கே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்திற்குக் கல்லும் மரமும் கொண்டு அணைக்கரை எழுந்தது. அது வெள்ளத்தைத் தடுத்ததோடு நன்னீரையும் உவர்நீரையும் பிரித்தும் வைத்தது. சப்புல்தெபெக் ஊற்றுநீரைத் தீவு நகரத்திற்குக் கொண்டு சென்ற கால்வாய்ப் பணியிலும் அவனுக்குப் பங்குண்டு.

தெஸ்கோகோவின் அருகே தெஸ்கோட்சிங்கோ என்னும் குன்றில் அவன் அமைத்த தோட்டம் நீரியலும் வழிபாடும் அழகும் ஒன்றுகூடிய இடம். தொலைமலை ஊற்றுகளிலிருந்து நீர் கால்வாய் வழியே வந்து குன்றைச் சுற்றி ஓடியது. பாறையைக் குடைந்து செய்த குளிப்புத் தொட்டிகளும் படிகளும் இன்றும் அங்கே உள்ளன. அஸ்டெக் மக்களுக்கு மலை, நீரைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் பெருங்கலம், மழைத்தெய்வத்தின் இல்லம். ஆகவே நீர் வழியும் குன்று அரசனின் இன்பச்சோலையாக இருந்தபோதே கோயிலாகவும் இருந்தது.

சட்டங்களையும் அவன் ஒழுங்குபடுத்தினான். அவன் வகுத்தனவாக எண்பது சட்டங்கள் கூறப்படுகின்றன. ஆட்சி மன்றங்களுள் ஒன்று இசைக்கும் கலைகளுக்கும் உரியது. ஓவிய ஏடு தீட்டுவோர், பாடுவோர், காலக்கணிதர், பொற்கொல்லர், இறகுக் கலைஞர் முதலியோர் அம்மன்றத்தின் பார்வைக்கு உட்பட்டனர். நாட்டு வரலாறுகளும் குடிவழிப் பட்டியல்களும் சடங்கு முறைகளும் தீட்டப்பட்ட ஏடுகள் தெஸ்கோகோவின் களஞ்சியத்தில் தொகுக்கப்பட்டன. சமவெளியில் மிகத் தூய நாவாட்ல் மொழி வழங்கும் நகரம் என்று தெஸ்கோகோ பெயர் பெற்றது.

1454ஆம் ஆண்டு மீண்டும் ஒரு முயல் ஆண்டாக வந்தது. அஸ்டெக் நாட்காட்டியில் 52 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். மன்னன் பிறந்த ஆண்டின் பெயர் திரும்பியபோது நாடு பஞ்சத்தின் உச்சத்தில் இருந்தது. பனியும் வறட்சியும் பயிரை அழித்திருந்தன. உணவிற்காக மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் கடற்கரை நாட்டார்க்கு விற்றனர். மன்னன் களஞ்சியங்களைத் திறந்தான் என்று ஏடுகள் சொல்கின்றன. தெய்வங்களின் சினம் தணியக் கைதிகளைப் பலி தரவேண்டும் என்று கருதி, அண்டை நாடுகளோடு குறித்த களத்தில் நிகழ்த்தும் மலர்ப்போர் என்னும் ஏற்பாட்டில் அக்கூட்டணி மன்னர் இணைந்தனர் என்பதும் அதே ஏடுகளில் உள்ளது. மலர் என்னும் சொல் அந்நாட்டில் கவிதைக்கும் குருதிக்கும் பொதுவாக இருந்தது.

பாட்டின் பொருள்

அஸ்டெக் கவிதை தனியே இருந்து படிப்பதற்கு எழுதப்பட்டதன்று. நிமிர்ந்து நிற்கும் தோல்முரசும், கிடையாக வைத்து அடிக்கும் மரமுரசும் முழங்க, ஆட்டத்தோடு பாடப்பட்டது அது. பாடுவோரின் கையில் மலர், தலையில் இறகு. பாட்டு விண்ணின் உள்ளிருந்து இறங்குவதாக அவர்கள் நம்பினர். பாடுபவன் அதை ஏந்துகிறான். ஏந்தியதைக் கூடியிருப்போர்க்குப் பகிர்ந்தளிக்கிறான்.

நெசாவல்கோயோட்லின் பெயரில் வழங்கும் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் பொருள் மூன்று: பச்சைக்கல், பொன், கெட்சால் பறவையின் நீண்ட பசும் இறகு. இவை செல்வத்தின் அடையாளங்கள் என்பதோடு நில்லாதவை. பச்சைக்கல் அம்மக்களுக்கு நீரும் உயிர்ப்பும் ஆகும். இறந்தவரின் வாயில் பச்சைக்கல் மணியொன்றை இதயமாக வைத்து வழியனுப்பினர். பொன் கதிரவனின் ஒளியிலிருந்து கசிந்தது. பசும் இறகு இளஞ்சோளப் பயிரின் தளிர். தெற்குக் காடுகளிலிருந்து வந்த அவ்விறகை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கேடயமும் முடியும் செய்த கலைஞர் பொற்கொல்லரினும் மேலாக மதிக்கப்பட்டனர். இம்மூன்றும் உடையும், உருகும், கிழியும் என்று ஓர் அரசன் பாடுவதன் கனம் இங்கேதான் உள்ளது. தெய்வத்தன்மை பொருந்தியவையே நில்லாதபோது மனிதன் எம்மாத்திரம் என்பது கேட்போர் நெஞ்சில் தானே எழும் வினா.

மற்றொரு படிமம் ஏடு. உயிர் தருபவனாகிய இறைவன் ஓர் ஓவியன். மனிதர் அவனுடைய ஏட்டில் தீட்டப்பட்ட உருவங்கள். தீட்டிய கை அழிக்கவும் வல்லது. ஏட்டுக்களஞ்சியத்தின் தலைவனுக்கு இயல்பாக வாய்த்த படிமம் இது. உலகம் இரவலாகக் கிடைத்தது. மறுமையில் வாழ்வு உண்டோ என்பது ஐயம். உள்ள சிறுபொழுதில் நட்பும் பாட்டுமே பற்றுக்கோடு. இவையே அப்பாடல்களின் சாரம்.

குவாகுவாவ்ட்சின்

நட்பைப் பாடிய அம்மன்னனின் வாழ்வில் ஆறாத கறையொன்று உண்டு. தெப்பெச்பான் என்னும் ஊரின் தலைவன் குவாகுவாவ்ட்சின். அவன் தெஸ்கோகோவிற்கு உட்பட்ட சிற்றரசன், போரில் சிறந்தவன், அவனும் கவிஞன். மெக்சிக்கா அரசகுலத்தைச் சேர்ந்த அஸ்கால்சோச்சிட்சின் என்னும் இளம்பெண்ணை மனைவியாக்கிக்கொள்ளும் பொருட்டுப் பெரும் பரிசம் தந்து, அவளைத் தன் இல்லத்தில் வைத்து வளர்த்துவந்தான். அவள் வயது நிரம்பாதவளாதலின் மணவினை இன்னும் நிறைவேறவில்லை.

அரசனுக்கு அதுவரை பட்டத்தரசி இல்லை. மனச்சோர்வோடு தனியே நடந்து தெப்பெச்பானுக்கு வந்த மன்னனைக் குவாகுவாவ்ட்சின் மகிழ்வோடு வரவேற்று விருந்தளித்தான். விருந்தில் பரிமாறுமாறு அப்பெண்ணைப் பணித்ததும் அவனே. மன்னன் அவளைக் கண்டான். அரண்மனைக்குத் திரும்பியதும், திலாஸ்கலா எல்லையில் நடந்த போருக்குக் குவாகுவாவ்ட்சினைத் தலைமை தாங்கச் சொல்லி ஆணை பிறப்பித்தான். களத்தில் மிக ஆபத்தான இடத்தில் அவனை நிறுத்துமாறு வேறு இரு தலைவர்க்கு மறைவான கட்டளையும் போயிற்று.

குவாகுவாவ்ட்சின் அதை உணர்ந்துகொண்டான் என்று வரலாறு கூறுகிறது. பிறழ்ந்து ஓடவில்லை, கிளர்ச்சி செய்யவில்லை. உற்றாரையும் நண்பரையும் அழைத்து விருந்து வைத்து, தானே இயற்றிய பாடலை அவர்கள் நடுவே பாடிவிட்டுப் போருக்குச் சென்றான். நண்பன் தன்னை வெறுத்து அழிவுக்கு அனுப்பிவிட்டான் என்னும் துயரம் அப்பாடலின் உயிர். களத்தில் அவன் மாண்டான். அஸ்கால்சோச்சிட்சின் தெஸ்கோகோவின் அரசியானாள்.

மன்னன் வகுத்த சட்டங்கள் கடுமையானவை. பிறன்மனை விழைந்தோர்க்கு அவை மரண தண்டனை விதித்தன. அச்சட்டத்திற்குத் தன் மக்களும் விலக்கல்லர் என்று காட்டியவன் அவன். சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத வகையில் அவன் செய்த இச்செயலை எந்த மன்றமும் விசாரிக்கவில்லை. விசாரித்தது பாட்டு ஒன்றே. தெஸ்கோகோவின் பாடகர் தம் மன்னனின் பாடல்களைக் காத்ததுபோலவே, அவனால் கொல்லப்பட்டவனின் பாடலையும் காத்தனர். 16ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட பாடல் சுவடியில் அவ்விருவர் பெயரும் ஒருங்கே இடம்பெற்றுள்ளன.

உருவமற்ற இறைவன்

அஸ்கால்சோச்சிட்சின் பெற்ற முதல் மகன், கலைகளில் தேர்ந்தவன். போர்க்கருவிகளைத் திரட்டுகிறான் என்று அவன்மேல் பழி எழுந்தது. தன் மகனுக்குத் தானே தீர்ப்பு வழங்க மனமில்லாத மன்னன் அதனைக் கூட்டணி மன்னர்களிடம் விட்டான். அவர்கள் கொலைத்தண்டனை நிறைவேற்றினர். துயருற்ற மன்னன் தெஸ்கோட்சிங்கோ குன்றில் நாற்பது நாள் நோன்பிருந்து, பெயரறியாத இறைவனை வேண்டினான் என்றும், பின்னர் நெசாவல்பில்லி என்னும் மகன் பிறந்தான் என்றும் ஏடுகள் கூறுகின்றன. அவ்விறைவனுக்காக அவன் ஒன்பது நிலை மாடம் ஒன்றை எழுப்பினான். ஒன்பதும் விண்ணுலக அடுக்குகளைக் குறிப்பன. உச்சிநிலையின் புறம் கருநிறம் பூசப்பட்டு விண்மீன்கள் பொறிக்கப்பட்டிருந்தது. உள்ளே எந்த உருவமும் இல்லை. அருகிலும் அணுக்கத்திலும் நிறைந்திருப்பவன் என்னும் பொருள்தரும் பெயரால் அவ்விறைவன் அழைக்கப்பட்டான்.

இச்செய்தியைத் தருவோர் மன்னனின் வழித்தோன்றல்களான ஹுவான் பாவுதிஸ்தா போமார், பெர்னாந்தோ தெ ஆல்வா இஷ்ட்லில்சோச்சிட்ல் ஆகியோர். இருவரும் ஸ்பானியர் ஆட்சியில், கிறித்தவச் சூழலில் எழுதியவர்கள். தம் முன்னோன் பலியை வெறுத்து ஒரே இறைவனை நாடியவன் என்று காட்டுவது அவர்களுக்கு இன்றியமையாததாக இருந்தது. இக்கால ஆய்வாளர், குறிப்பாக ஜோங்சூ லீ, அவ்வுருவம் பிற்காலத்தது என்று வாதிடுகின்றனர். தெஸ்கோகோவின் பெருங்கோயிலில் போர்த்தெய்வமும் மழைத்தெய்வமும் வழிபடப்பட்டதையும் பலிகள் நிகழ்ந்ததையும் போமாரே எழுதியுள்ளார். மன்னன் தன் காலத்துச் சமயத்தினின்றும் விலகியவன் அல்லன் என்று கொள்வதே பொருந்தும். நாவாட்ல் மொழியில் இறைவனுக்கு வழங்கிய அப்பெயர்கள் பழமையானவை. எல்லாத் தெய்வங்களுக்கும் அடியாய் நிற்கும் ஒன்றைப் பற்றிய தேடல் அப்பண்பாட்டிலேயே இருந்தது. அத்தேடலைக் கவிதையாக்கிய பெயர் நெசாவல்கோயோட்ல்.

வழித்தோன்றல்களின் நேர்மைக்கும் ஒரு சான்று உண்டு. மன்னனைப் புகழ்வதற்கென்றே எழுதிய ஆல்வா இஷ்ட்லில்சோச்சிட்ல், குவாகுவாவ்ட்சினின் கதையை மறைக்காமல் விரித்துரைத்தார்.

மறைவும் எஞ்சியதும்

1472இல் நெசாவல்கோயோட்ல் எழுபது வயதில் இறந்தான். ஏறக்குறைய ஏழு வயதினனான நெசாவல்பில்லி அரியணை ஏறினான். அவனும் கவிஞனாக விளங்கி 1515 வரை ஆண்டான். 1521இல் தெனோச்டிட்லான் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. தெஸ்கோகோவின் ஏட்டுக்களஞ்சியம் அந்தப் படையெடுப்பில் எரிந்தது. 1539இல் நெசாவல்கோயோட்லின் பேரனான டான் கார்லோஸ், பழைய சமயத்தைப் பேசினான் என்னும் குற்றத்திற்காக உயிரோடு கொளுத்தப்பட்டான். எஞ்சிய ஓவிய ஏடுகளை வைத்திருந்தோர் அஞ்சித் தாமே அவற்றை எரித்துவிட்டதாகப் போமார் எழுதுகிறார்.

பாட்டு வாய்வழியே தப்பியது. ஸ்பானிய எழுத்தைக் கற்ற நாவாட்ல் மக்கள் பழம்பாடல்களை அவ்வெழுத்தில் பதிந்து வைத்தனர். இரு சுவடிகள் எஞ்சின. ஒன்று மெக்சிகோ தேசிய நூலகத்தில் உள்ளது. மற்றொன்று போமாரின் நூலோடு சேர்த்துக் கட்டப்பட்டு டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளது. 20ஆம் நூற்றாண்டில் ஆங்கெல் மரியா கரிபாய், மிகேல் லெயோன்-போர்த்தியா ஆகிய அறிஞர்கள் அவற்றை மொழிபெயர்த்து உலகறியச் செய்தனர். முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை லெயோன்-போர்த்தியா நெசாவல்கோயோட்லுக்கு உரியனவாகக் கொண்டார். ஜான் பியர்ஹார்ஸ்ட் அதனை மறுத்தார். அப்பாடல்களில் மன்னன் தன் பெயரைச் சொல்லித் தானே பேசுகிறான்; ஆனால் பிற்காலப் பாடகன் ஒருவன் மன்னனின் வேடம் தாங்கி அவன் குரலில் பாடுவதும் அம்மக்களின் மரபே. ஆகவே எச்சொல் மன்னனுடையது, எச்சொல் அவனைப் பாடியவனுடையது என்று பிரித்தல் அரிது.

மெக்சிகோ நாடு அவனை மறக்கவில்லை. 1990களில் வெளிவந்த நூறு பெசோ பணத்தாளில் அவன் உருவம் இடம்பெற்றது. 2020இல் வெளியான புதிய தாளில் அவ்விடம் சோர் ஹுவானா என்னும் மற்றொரு கவிஞருக்குத் தரப்பட்டது. அவன் அணைகட்டிய ஏரியின் பெரும்பகுதி வற்றிவிட்டது. வற்றிய ஏரிப்படுகையில் அவன் பெயரையே தாங்கிய நகரம் ஒன்று எழுந்து, பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அதில் வாழ்கின்றனர்.

அணை அழிந்தது, சட்டம் வழக்கொழிந்தது, ஏடு எரிந்தது. தன் ஆணையால் நிலைக்கச் செய்ய முடியாத ஒன்றே அரசனுக்கு நிலைத்த பெயரைத் தந்தது. அந்தப் பாட்டைப் பேணியவர்கள் பெயர் தெரியாத பாடகர்கள். அரசன் பாடியது என்பதற்காக ஒன்றைப் போற்றவும், அரசனைப் பழிப்பது என்பதற்காக மற்றொன்றைப் புதைக்கவும் அவர்கள் உடன்படவில்லை. கொன்றவனின் குரலும் கொல்லப்பட்டவனின் குரலும் ஒரே முரசின் ஒலியில் ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்து வந்துள்ளன. மலரும் பாட்டும் என்று கவிதைக்குப் பெயரிட்ட மக்கள், மலரை யாருக்குச் சூட்டினாலும் பாட்டில் உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை.